உடவத்தகெலே: மன்னர் சோலை மக்கள் சோலையான வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரண்மனைகளையும் ஆலயங்களையும் போர்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். அந்நகரின் ஓரத்தே நிற்கும் காட்டுக்கும் ஒரு வரலாறு உண்டென எண்ணுவோர் மிகச் சிலர். மரம் சாசனம் பொறித்து வைப்பதில்லை. விழுந்த மரத்துக்கு யாரும் நடுகல் நாட்டுவதுமில்லை. ஆயினும் அரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும், சட்டங்கள் பிறந்ததையும், மக்களின் மனம் மாறியதையும் காடுகளைப்போல் அமைதியாகக் கண்டு நின்ற சாட்சிகள் வேறில்லை.

அத்தகைய சாட்சிகளுள் ஒன்றே கண்டிமாநகரில் தலதா மாளிகைக்குப் பின்புறமாக எழுந்து நிற்கும் உடவத்தகெலே வனம். சுமார் 257 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 104 ஹெக்டேர் பரப்புடைய இவ்வனத்தின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 635 மீற்றர் உயரத்தில் உள்ளது. மாளிகை நிற்கும் நிலத்திலிருந்து பார்த்தால் நூறு மீற்றருக்குச் சற்று அதிகமான ஏற்றம், அவ்வளவே. யாழ்ப்பாணத்து ஊர்ப்புறத்திலே பனங்கூடலைக் காடென்று எண்ணி வளர்ந்த ஒருவருக்கு இது பெருங்காடாகத் தோன்றலாம். சிங்கராஜ வனத்தைக் கண்டு வந்தவருக்கோ இது ஒரு சிறு தோப்பு. அளவினால் இதற்குப் பெருமை இல்லை. ஒரு நகரத்தின் நடுவே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அழியாது நின்றமையே இதன் பெருமை. அது எவ்வாறு நின்றது, யாருக்காக நின்றது, இனி எவ்வாறு நிற்கும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பழங்கதையும்

சிங்கள மொழியில் 'உட' என்றால் மேலே; 'வத்த' என்றால் தோட்டம்; 'கெலே' என்றால் காடு. அரண்மனைக்கு மேலேயுள்ள தோட்டம் என்னும் பொருள்பட 'உட வாசல வத்த' என வழங்கிய பெயரே காலப்போக்கில் உடவத்தகெலே ஆயிற்று என்பர். இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. 'தஹஞ்சி கெலே' என்பது அது. தடை செய்யப்பட்ட காடு என்பது அதன் பொருள். ஒரே காட்டுக்குத் தோட்டம் என்றொரு பெயரும் தடைக்காடு என்றொரு பெயரும் அமைந்ததில் அதன் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறதெனலாம். உள்ளே நின்றவருக்கு அது தோட்டம். வெளியே நின்றவருக்கு அது தடைக்காடு.

கண்டிக்குச் 'செங்கடகல' என்றொரு பழம்பெயர் உண்டென்பதை நாம் அறிவோம். இப்பெயர் இக்காட்டிலுள்ள ஒரு குகையில் வாழ்ந்த செங்கண்ட என்னும் அந்தணத் துறவியின் பெயரால் வந்ததென்பது மரபுக் கதை. கம்பளையிலிருந்து ஆட்சி புரிந்த மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் 14ஆம் நூற்றாண்டிலே இவ்விடத்தில் நகரமைக்கக் காரணமானவர் அவ்வந்தணரே எனவும் கூறுவர். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் குகை இன்றும் வனத்தினுள்ளே இருக்கிறது. அங்கே பிக்குமார் தங்கித் தியானம் செய்துள்ளனர். கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும் கதையின் கருத்து எண்ணத்தக்கது. முதலில் காடு, அதனுள் ஒரு தவசி, அவனைச் சுற்றி ஒரு நகரம். பெளத்தத்தின் பெருநகரமாக விளங்கும் கண்டி தன் பெயரின் மூலத்தை ஒரு காட்டிலும் ஓர் அந்தணனிடத்தும் கண்டு மகிழ்கிறது. இரு சமயத்தாருக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு.

காட்டிலே கடவுளைக் காண்பது சைவ மக்களாகிய எமக்குப் புதிதன்று. தில்லைவனமே சிதம்பரமாயிற்று. கடம்பவனமே மதுரையாயிற்று. திருமறைக்காடு, திருவெண்காடு, திருவாலங்காடு என்று தலங்களின் பெயரிலேயே காடு நிற்கிறது. எமது நாட்டிலும் கதிர்காமக் கந்தனைத் தேடி அடியார்கள் குமணையையும் யாலையையும் கடந்து கால்நடையாகச் செல்லும் வழி காட்டு வழியே. எனினும் ஒன்றை மறக்கலாகாது. மதுரையில் இன்று கடம்பவனம் இல்லை. மீனாட்சி அம்மன் ஆலயத்தினுள்ளே பேணிக் காக்கப்படும் ஒரு பழைய கடம்ப மரமே அவ்வனத்தின் எச்சம். பல தலங்களில் வனம் போயிற்று. தல விருட்சம் மாத்திரம் மிஞ்சிற்று. பெயரைக் காப்பாற்றுவது எளிது. காட்டைக் காப்பாற்றுவது அரிது.

அரணாக நின்ற காடு

அரணுக்கு உறுப்பாக நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் வள்ளுவர் எண்ணிக் கூறுவதை நாம் படித்திருக்கிறோம். அவ்விலக்கணத்துக்குக் கண்டி இராச்சியம் ஏற்ற இலக்கியமாகும். மூன்று புறமும் மகாவலி கங்கை, சுற்றிலும் மலை, மலையெங்கும் காடு. போத்துக்கேயர் 1594இல் தந்துறையிலும், 1630இல் ரந்தெனிவெலவிலும், 1638இல் கண்ணொறுவையிலும் தோற்றதற்குக் கண்டி வீரரின் ஆற்றலோடு இக்காடுகளும் காரணமாயின. ஒல்லாந்தர் 1765இல் நகரைப் பிடித்தும் நிலைத்திருக்க முடியவில்லை. ஆங்கிலேயர் 1803இல் வந்தனர். வந்த படை மீளவில்லை. ஒவ்வொரு முறையும் மன்னன் நகரை விட்டுக் காட்டினுள் மறைந்தான். பகைவன் வெறும் நகரைக் கைப்பற்றி, நோயாலும் பசியாலும் நலிந்தான். இராச்சியத்தின் பாதைகளை அகலப்படுத்தாது ஒற்றையடிப் பாதைகளாகவே வைத்திருந்தமை அறியாமையாலன்று; அது அரச நீதி.

அரண்மனையை ஒட்டிய உடவத்தகெலே இப்பெருங்காட்டரணின் உள்வாயில் போன்றது. மன்னரும் அவர்தம் குடும்பத்தாருமன்றிப் பிறர் அதனுட் புகலாகாதென்பது கட்டளை. மரம் வெட்டுதலும் வேட்டையாடுதலும் அங்கே பொதுமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. வனத்தின் நடுவேயுள்ள குளம் அரச குடும்பத்தார் நீராடிய குளமென்று சொல்லப்படுகிறது. அதன் அடியிலே பொற்காசுகள் கிடப்பதாகவும் சிவந்த கண்களையுடைய நாகமொன்று அவற்றைக் காப்பதாகவும் ஒரு கதை வழங்குகின்றது. பொன் உண்டோ இல்லையோ, கதை தன் வேலையைச் செய்தது. குளத்தைக் கலக்க ஒருவரும் துணியவில்லை.

மதுரையிலிருந்து வந்த மன்னர்

1739ஆம் ஆண்டிலே கண்டியின் அரசுரிமை மதுரை நாயக்கர் வழிவந்தோரிடம் சென்றது. ஸ்ரீ விஜய இராஜசிங்கன், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், இராஜாதி இராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என நால்வர் 1815 வரை ஆண்டனர். இவர்கள் பிறப்பாற் சைவ வைணவ மரபினர். அரசராகிப் பெளத்தத்தைப் பேணினர். அவர்தம் உறவினர் வாழ்ந்த தெரு இன்றும் மலபார் வீதி என வழங்குகின்றது. கடம்பவனம் நகரமாகிவிட்ட மதுரையிலிருந்து வந்தோர், நகரத்தின் தலைமேல் காடு நிற்கும் கண்டியை ஆண்டனர் என்பது நினைக்க இன்பந் தருவதாகும்.

இவர்களுள் இறுதியானவன் கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். மாளிகையின் முன்னே வயல்களாயிருந்த நிலத்தை ஏரியாக்கியவன் இவனே. இன்று கண்டிக்கு வருவோர் முதலிற் காண்பது அவ்வேரி. அதன் நீரிலே தலைகீழாகத் தோன்றுவது உடவத்தகெலேயின் மரங்கள். ஏரிக்காக மக்களை வருத்தி வேலை வாங்கினான் என்ற பழியும் அவனுக்குண்டு. தன் குடிகளை வருத்திய அரசன் குடிகளால் கைவிடப்பட்டான். 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் அவன் மெதமகநுவரைக்கு அண்மையில் சிறைப்பட்டான். மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவ்வொப்பந்தத்தை உருவாக்குவதில் முன்னின்ற சேர் ஜோன் டொயிலி 1824இல் இறந்து, உடவத்தகெலேயின் ஓரத்திலுள்ள படையினர் மயானத்திலே அடங்கினார். நாடிழந்தவன் வேற்று நாட்டிலும், நாட்டைப் பெற்றுக் கொடுத்தவன் இக்காட்டின் நிழலிலும் துயில்கின்றனர். அவர் அருகே உறங்குவோரிற் பலர் காய்ச்சலாலும் பேதியாலும் இளமையிலேயே மாண்டவர். வெற்றி பெற்றோருக்கும் இந்நாடு மலிவாகக் கிடைக்கவில்லை.

தேசாதிபதிகளும் அவர்தம் மனைவியரும்

அரசனின் இடத்துக்குத் தேசாதிபதி வந்தான். சேர் எட்வேட் பாண்ஸ் காலத்திலே வனத்தின் அடிவாரத்தில் தேசாதிபதிக்கென ஓர் இல்லம் எழுந்தது. அதுவே இன்று ஜனாதிபதி மாளிகையாக உள்ளது. மன்னனின் பின்தோட்டம் தேசாதிபதியின் பின்தோட்டமாயிற்று, அவ்வளவே மாற்றம். ஆயினும் இக்காலத்திலேதான் காட்டினுள்ளே ஒரு புதிய பழக்கம் புகுந்தது. அதுவே உலாவுதல். வேட்டைக்காகவுமன்றி, விறகுக்காகவுமன்றி, தவத்துக்காகவுமன்றி, காற்று வாங்குவதற்காகவும் காட்சி காண்பதற்காகவும் காட்டுக்குட் போதல் அக்கால ஆங்கிலேயரின் வழக்கம். அதற்கேற்ற பாதைகள் வெட்டப்பட்டன. அப்பாதைகளுக்குத் தேசாதிபதிகளின் மனைவியர் பெயர் இடப்பட்டது. ஹோட்டன் சீமாட்டி, டொறிங்டன் சீமாட்டி, கோடன் சீமாட்டி, அண்டர்சன் சீமாட்டி என்போரின் பெயர்களை வனத்தின் பாதைகள் இன்றும் தாங்கியுள்ளன.

இவர்களுள் ஹோட்டன் சீமாட்டியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அவர் கணவர் சேர் றொபேட் வில்மட் ஹோட்டன் 1831 தொடக்கம் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்தவர். ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கு மைத்துன முறையினர். 1814ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒரு விருந்திலே துக்கம் காக்கும் கறுப்பு ஆடையில் மின்னும் மணிகளோடு தோன்றிய இப்பெண்ணைக் கண்ட பைரன், இரவின் அழகோடு அவளை ஒப்பிட்டு ஒரு சிறு கவிதை எழுதினார். அது 1815இல் அச்சேறியது. மிஷன் பாடசாலைகளிலே பயின்ற எம் போன்றோர் அக்கவிதையை மனனஞ் செய்து ஒப்புவித்திருக்கிறோம். ஆனால் அக்கவிதையின் நாயகி எமது மலைநாட்டிலே நடந்து திரிந்தாள் என்பதையும், கவிதை வெளிவந்த அதே ஆண்டில்தான் கண்டி வீழ்ந்தது என்பதையும் எமது பாடநூல்கள் சொல்லவில்லை. இலண்டன் விருந்து மண்டபமும் கண்டிக் காடும் ஒரே வரலாற்றின் இரு அறைகள் என்பதை நாமே பின்னர் கண்டறிய வேண்டியதாயிற்று.

டொறிங்டனின் பெயரைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வரும். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இரக்கமின்றி அடக்கியவர் அத்தேசாதிபதி. வீர புரன் அப்பு அவ்வாண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். மலைக்குக் கீழே துப்பாக்கி முழங்கியது. மலைக்கு மேலே நிழற்பாதை அமைதியாகக் கிடந்தது. ஒரு காட்டின் இனிமையை அனுபவிப்போர் அவ்வினிமை யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் அறிந்து அனுபவித்தல் நன்று.

கோப்பியும் காடும்

உடவத்தகெலேயின் மரங்கள் நின்ற அதே காலத்தில் சுற்றியுள்ள மலைகளின் நிலை யாது? அதனை அறிந்தாலன்றி இவ்வனத்தின் அருமை விளங்காது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலங்களும் தரிசு நிலங்களும் முடிக்குரியனவென்று கொள்ள வழி செய்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலே சேனை செய்தும் விறகெடுத்தும் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தான் ஒரே நாளில் அந்நியனானான். அந்நிலங்கள் கோப்பிச் செய்கைக்காக ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டன. மலைச்சாரல்களிலே கோடரி விழுந்தது. மேலே உள்ள பெருமரத்தை வீழ்த்தினால் அது தனக்குக் கீழே பாதி வெட்டி நிறுத்திய மரங்களையெல்லாம் ஒருசேரச் சாய்த்துக்கொண்டு விழும். பின்னர் நெருப்பு. சாம்பல் ஆறுமுன் கோப்பிக் கன்று.

அக்கோடரியைப் பிடித்த கைகள் யாருடையவை? ஆரம்பத்தில் அடர்வனத்தை வெட்டியவருட் பலர் கிராமத்துச் சிங்கள மக்கள். பின்னர் தோட்டத்தைத் துப்புரவாக்கி, பாதை வெட்டி, கன்று நட்டு, பழம் பறித்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதையிலே மாத்தளையை நோக்கி நடந்து, பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தோர் எண்ணிலர். அக்காடுகளின் அழிவுக்கு அவர்களைக் குற்றஞ்சாட்டுவது அறியாமை. கோடரி பிடித்தவனுக்குக் கூலி. காட்டை விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் இலாபம். ஆயினும் மலையகத்தின் காட்டு வரலாறும் எமது மக்களின் வரலாறும் பிரிக்க முடியாதவை என்பதைத் தமிழ் இளைஞர் உணர்தல் வேண்டும். அவர்களின் வியர்வை விழுந்த சரிவுகளில் இன்று நிற்பது தேயிலை. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையிலே நிழல் தேடி வரக்கூடிய பழங்காடு கண்டி நகரத்துக்குள் எஞ்சியிருப்பது இவ்வொன்றே.

1869இல் கோப்பி இலைகளிலே நோய் கண்டது. சில ஆண்டுகளில் அச்செய்கை அழிந்தது. கோப்பிக்காக வெட்டுண்ட காடு கோப்பி போன பின்னும் திரும்பி வரவில்லை. 1873ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழியவிடலாகாது என வற்புறுத்தினார். மலைச் சிகரங்களில் எஞ்சிய காடுகள் ஓரளவேனும் பிழைத்ததற்கு அவ்வறிவுரை துணையாயிற்று. ஆனால் உடவத்தகெலே அந்த உயரத்தில் இருப்பதன்று. அது தாழ்ந்த மலை, நகரத்துக்கு அருகு, பாதை வசதி மிக்கது. கோப்பிக்கும் கட்டடத்துக்கும் மிக எளிதில் இரையாகியிருக்கக் கூடியது. அதன் மரங்களுட் பல அக்காலத்தில் வெட்டுண்டதும், சில பகுதிகளில் வேற்று மரங்கள் நடப்பட்டதும் உண்மையே. ஆயினும் வனம் வனமாகவே நின்றது. அரசனின் பழைய தடை ஒரு காரணம். தேசாதிபதியின் வாசற்புறம் என்பது இன்னொரு காரணம். நகருக்கு நீர் தரும் ஊற்றுக்களின் பிறப்பிடம் என்பது மூன்றாவது காரணம்.

சட்டத்தின் காவல்

1856இல் இவ்வனம் ஒதுக்கப்பட்ட காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வனத் திணைக்களம் தோன்றியது 1887இல்தான் என்பதை நோக்கும்போது இது எவ்வளவு முற்பட்ட செயல் என்பது புலனாகும். பின்னர் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் உடவத்தகெலே சரணாலயமாயிற்று. அரசனின் ஆணை, தேசாதிபதியின் வசதி, சட்டத்தின் எழுத்து என மூவகைக் காவல்களை இக்காடு கண்டுள்ளது.

இம்மூன்றுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முதலிரண்டும் மக்களை வெளியே நிறுத்திக் காட்டைக் காத்தன. மூன்றாவது, மக்களை உள்ளே விட்டுக் காட்டைக் காக்க முயல்கிறது. வாயிலிலே சீட்டுப் பெற்று எவரும் இன்று உள்ளே போகலாம். சாதியில்லை, சமயமில்லை, மொழியில்லை. ஒருகாலத்தில் அரசியர் நீராடிய குளக்கரையிலே இன்று பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்க்கின்றனர். இது சிறிய புரட்சியன்று. ஆனால் முன்னைய காவல்களிலும் இதுவே கடினமானது. ஏனெனில் இங்கே காவலாளி மக்களே.

உலாவும் தவமும்

இக்காட்டினுள் மக்கள் என்ன செய்கின்றனர்? காலையில் முதியோர் நடக்க வருகின்றனர். ஹோட்டன் சீமாட்டியின் பாதை வனத்தைச் சுற்றிச் செல்வது. ஆறுதலாக நடப்போர் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கலாம். பல்கலைக்கழக மாணவர் தாவரங்களையும் பூச்சிகளையும் ஆராய வருகின்றனர். பறவை காண்போர் தொலைநோக்கியோடு வருகின்றனர். சுமார் 80 வகைப் பறவைகள் இங்கே காணப்பட்டுள்ளன. கிளியும் மைனாவும் குக்குறுவானும் மீன்கொத்தியும் அவற்றுட் சில. குரங்குகளைத் தேட வேண்டியதில்லை. அவையே எம்மைத் தேடி வரும். தேவாங்கு, முள்ளம்பன்றி, மரநாய், காட்டுப்பன்றி என்பன பகலில் எளிதிற் புலப்படா. குளத்துக்கு அண்மையில் மரத்துக்கு மரம் பாய்ந்து கிடக்கும் ஒரு மாபெருங் கொடியைக் காணாது திரும்புவோர் இல்லை. சிங்களத்தில் 'பூஸ் வெல்' என்று இதனைச் சொல்வர். மனிதனின் உடல் பருமனுக்கு முறுகி வளர்ந்துள்ள அக்கொடியின் வயது சில நூற்றாண்டுகள் என்பர். மழைக்காலத்தில் அட்டைகளும் தம் பங்கைப் பெற்றுக்கொள்ளும். உப்பும் சவர்க்காரமும் கொண்டு செல்வோர் அறிவுடையோர். இளங் காதலரும் வருகின்றனர். அவர்களைக் கண்டு முகஞ் சுளிப்போர், காந்தருவம் பாடிய எமது பழந்தமிழர் களவொழுக்கத்துக்குக் குறிஞ்சிப் புனத்தையன்றோ நிலமாக வகுத்தனர் என்பதை நினைத்தல் நலம்.

இவ்வுலாவோடு தவமும் இங்கே தொடர்கிறது. தபோவனம், சேனாநாயக்காராமம் என்னும் விகாரைகளும், வன ஆசிரமம் ஒன்றும் இக்காட்டை ஒட்டி உள்ளன. அவ்வாசிரமத்திலே வாழ்ந்தவர்களுள் ஞானத்திலோக தேரரும் அவர் மாணாக்கர் ஞானபொனிக்க தேரரும் உலகறிந்தோர். இருவரும் ஜெர்மனியிற் பிறந்தவர். ஞானபொனிக்க தேரர் 1901இல் யூத குடும்பத்திலே பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் என்ற காரணத்தால் ஆங்கிலேயர் அவரைத் தியத்தலாவையிலும் பின்னர் டெஹ்ரா டூனிலும் தடுத்து வைத்தனர். தன் நாடு யூதன் என்று ஒதுக்கியது. அந்நாட்டின் பகைவர் ஜெர்மானியன் என்று அடைத்தனர். 1952 தொடக்கம் அவருக்கு இடங் கொடுத்தது உடவத்தகெலே. 1958இல் அவர் முன்னின்று தொடங்கிய பெளத்த வெளியீட்டுச் சங்கத்தின் நூல்கள் இக்காட்டிலிருந்து உலகெங்கும் சென்றன. 1994இல் அவர் மறையும்வரை அவரது வீடு இக்காடே. செங்கண்ட அந்தணனின் கதை வெறுங் கதையாக இருப்பினும், காட்டிலுள்ள ஒரு தவசியால் ஒரு நகரம் புகழ் பெறலாம் என்பது எமது காலத்திலேயே மெய்யாயிற்று.

எப்பிங் தரும் படிப்பினை

மக்கள் காடு என்னும் கருத்து எவ்வாறு வளர்ந்ததென அறிய விரும்புவோர் இலண்டனுக்கு வடகிழக்கேயுள்ள எப்பிங் காட்டின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். அதுவும் ஒருகாலத்தில் மன்னரின் வேட்டைக்காடு. ஆனால் அதனுள் ஊர் மக்களுக்கு மாடு மேய்க்கவும் கிளை வெட்டவும் உரிமை இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலே நிலப்பிரபுக்கள் வேலியிட்டுக் காட்டை விழுங்கத் தொடங்கினர். லோட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லிங்கேல் குடும்பத்தார் பழைய உரிமைப்படி கிளை வெட்டினர். அதற்காக அக்குடும்பத்தினர் 1866இல் சிறை சென்றனர். அவ்வேழைகளின் வழக்கு நாட்டை விழிக்கச் செய்தது. இலண்டன் மாநகராட்சி வழக்காடி 1874இல் வென்றது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 6,000 ஏக்கர் காட்டை வேலியின்றியும் கட்டடமின்றியும் மக்களின் மகிழ்ச்சிக்காகப் பேணுமாறு விதித்தது. 1882 மே 6ஆம் நாள் விக்டோரியா அரசி நேரில் வந்து அதனை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

இங்கே கவனிக்கத்தக்கவை இரண்டு. தன் நாட்டு ஏழைக்குக் காட்டின்மேல் வழக்குரிமை உண்டென அந்நாட்டு நீதி ஒப்புக்கொண்டது. அந்நாட்டு ஆட்சியே 1840இல் கண்டிக் கிராமத்தானின் வழக்குரிமையைப் பத்திரமில்லை என்று தள்ளியது. இது முதலாவது. கிளை வெட்டும் உரிமை 1878இல் இழப்பீட்டோடு நிறுத்தப்பட்ட பின், பலநூறு ஆண்டுகளாகக் கத்தி பட்டு வந்த மரங்கள் ஓங்கிப் படர்ந்தன. நிலத்தில் வெயில் விழாது சிறு செடிகள் மறைந்தன. காட்டைச் சும்மா விட்டுவிட்டால் அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பது எங்கும் பொருந்தும் உண்மையன்று. இது இரண்டாவது.

விருந்தினராய் வந்த மரங்கள்

இரண்டாவது படிப்பினை உடவத்தகெலேக்கு மிகவும் வேண்டியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணர்ந்து நடப்பட்ட மகோகனியும், பேரு பால்சம் என்னும் நறும்பிசின் மரமும் இன்று வனத்தின் பல பகுதிகளை ஆட்கொண்டுள்ளன. பால்சம் மரத்தின் இறகு போன்ற காய் காற்றிலே சுழன்று பறந்து எங்கும் முளைக்கின்றது. அதன் நாற்றுக்கள் நிலத்தை மூடி நிற்குமிடத்தில் நாட்டு மரத்தின் கன்று எழ வழியில்லை. வீடுகளிலே அழகுக்காகப் போத்தலில் வளர்க்கும் பொன்னிலைக் கொடியும் இங்கே தரையிற் படர்ந்து, மரமேறி, பெரிய இலை விரித்துக் கிடக்கின்றது. தூரத்திலிருந்து பார்ப்போருக்கு எல்லாம் பச்சையே. அருகே சென்று ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவருக்கே இப்பச்சைக்குள் நடக்கும் போர் புலனாகும்.

இதனைக் கூறும்போது ஓர் எச்சரிக்கை. வெளியிலிருந்து வந்த மரம் என்ற சொல்லை வெளியிலிருந்து வந்த மனிதன் என்ற சொல்லோடு சேர்த்து மயங்குவோர் எந்நாட்டிலும் உண்டு. மரத்துக்கு அயலானை வாழவிடும் அறிவில்லை, மனிதனுக்கு உண்டு. பிராமணத் துறவியும், மதுரை மன்னரும், ஜெர்மானியத் தேரரும் இக்காட்டின் வரலாற்றிலே இடம் பெற்றனர். அவர்களால் காடு கெடவில்லை. ஆகவே தாவரவியலைத் தாவரங்களோடு நிறுத்திக்கொள்வோம்.

எம் கடன்

மக்களே காவலாளியாகிய பின் மக்களின் குறைகளும் காட்டில் தெரிகின்றன. பாதையோரத்தில் பொலித்தீன் பைகளும் போத்தல்களும் கிடக்கின்றன. குரங்குக்கு உணவெறிந்து அதனைப் பிச்சைக்காரனாகவும் கள்வனாகவும் ஆக்குகிறோம். மரப்பட்டையிலே பெயர் செதுக்கி எமது காதலைச் சாசுவதமாக்க முயல்கிறோம். எல்லைப்புறத்திலே வீடுகள் நெருங்குகின்றன. மன்னனின் வாளுக்கு அஞ்சி மூன்று நூற்றாண்டு அடங்கியிருந்த நாம், அச்சம் நீங்கியதும் அடக்கத்தையும் நீக்கிவிட்டோமெனின், தடைக்காடாயிருந்த காலமே இக்காட்டின் பொற்காலம் என்று பின்வருவோர் எழுதுவர். சுதந்திரத்துக்கு அதைவிடப் பெரிய இழிவு வேறில்லை.

இந்து இளைஞர் சங்கங்களுக்கு இதிலே நேரான கடமை உண்டு. கோயிலிலே செருப்பைக் கழற்றி நுழைகிறோம். உரக்கப் பேசாது வலம் வருகிறோம். பிரகாரத்தில் குப்பை போடுவதில்லை. அப்பயிற்சியைக் காட்டின் வாயில்வரை கொண்டு சென்றாற் போதும். ஆண்டுக்கு இருமுறையேனும் சிரமதானமாகச் சென்று குப்பை அகற்றலாம். திணைக்களத்தின் அனுமதியோடும் அறிந்தோர் வழிகாட்டலோடும் பால்சம் நாற்றுக்களைப் பிடுங்கி, நாட்டு மரக் கன்றுகளை நடலாம். தோட்டப் பாடசாலைகளிலே பயிலும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அவர்களின் முன்னோர் வருவதற்குமுன் இம்மலைகள் எப்படி இருந்தன என்று காட்டலாம். சிங்கள இளைஞரோடும் முஸ்லிம் இளைஞரோடும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது; மரம் நடும்போது மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

மன்னன் தனக்காகக் காத்தான். தேசாதிபதி தன் மனைவிக்காகப் பாதை வெட்டினான். தவசி தன் விடுதலைக்காகக் குகை புகுந்தான். அவரவர் நோக்கம் எதுவாயினும் அவர்கள் கையளித்துச் சென்ற காடு இன்று எமது கையில் உள்ளது. அதனை இன்னும் காணாத தலைமுறைக்காகக் காப்பதே எமக்கு எஞ்சிய நோக்கம். மதுரையின் கடம்பவனம் ஒரு மரமாயிற்று. கண்டியின் உடவத்தகெலே ஒரு பெயராகாதிருக்கட்டும்.